கிரேஸின் கால்களுக்குத் தெம்பு வந்த வருஷம்

புது வருஷத்தின் முதல் ஞாயிறன்று, திருவிருந்து வாங்கப் பீடத்தின் முன்னால் முழங்காலிட்ட கிரேஸால் எழுந்திருக்க முடியவில்லை.

சித்தூர் மிஷன் கோயிலில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு பேர் முழங்காலிடுவார்கள். அப்பமும் ரசமும் கொடுத்து ஆயர் ஆசீர்வாதம் சொன்னதும் பன்னிரண்டு பேரும் எழுந்து வலப்பக்கமாகப் போவார்கள், அடுத்த வரிசை வந்துவிடும். அன்று பதினோரு பேர் எழுந்து போனார்கள். கிரேஸ் மட்டும் மரக் கிராதியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். ஒரு தடவை உன்னிப் பார்த்தாள். உடம்பு நாலு விரற்கடை உயர்ந்தது, தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின, மறுபடியும் முழங்கால் தரைக்கே வந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அதே கதைதான்.

பின்னால் நின்றவர்கள் அவள் உருகி ஜெபிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் சுஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தோத்திரம்" என்று மெல்லச் சொன்னாள். ஆயர்கூடக் குனிந்து, "உன் விண்ணப்பம் கேட்கப்பட்டது மகளே, சமாதானத்தோடே எழுந்திரு" என்றார்.

"அதான் ஐயா, எய்ந்திருக்க முடியலை" என்றாள் கிரேஸ்.

ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த கிளாட்வின் அதற்குள் எழுந்து வந்துவிட்டார். மனைவியின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, மூட்டையைத் தூக்குவதுபோல் ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் அவளை வெளியே வேப்பமரத்தடிக்கு நடத்திக்கொண்டு போனார்.

"இன்னா கிரேஸு, மனசுக்கு ஒரு மாதிரி இருக்குதா?"

"மனசு நல்லாத்தான் இருக்குதுங்க. காலுதான் ஒத்துழைக்க மாட்டேங்குது."

கிளாட்வின் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைக் கிரேஸுக்கு நன்றாகத் தெரியும். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பவில்லை.

அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. கிரேஸுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. மகள் கேசியா பிறந்த வருஷத்திலிருந்தே அவள் மனம் ஒரு நிலையில் நின்றதில்லை. சில மாதம் தரையில் கால் பாவாது, தூக்கம் வேண்டாம், சோறு வேண்டாம், நாக்கு நிற்காது. பிறகு பல மாதம் கட்டிலை விட்டு எழமாட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் முழுக்கத் தூங்காமல் இருந்து, வீட்டுக்கு முன்னால் பள்ளிக்கூடம் திறக்கப்போவதாகச் சொல்லி, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் கிளாட்வின் அவளைத் திருப்பதிக்கு அழைத்துப் போனார். அங்கே மனநல டாக்டர் நாகபூஷணம் அவளோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இதற்குப் பெயர் பைபோலார், சர்க்கரை மாதிரி கூடவே இருக்கும், மருந்தும் தூக்கமும் ஒழுங்காக இருந்தால் நம் கைக்குள் இருக்கும் என்றார். லித்தியம் மாத்திரை ஆரம்பித்தது. கூடவே வேறு ஒன்றிரண்டு மாத்திரைகள் வந்தன, போயின. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் இரவலாகப் போய் இரண்டுதான் திரும்பி வந்தன.

அதன்பின் பெரிய ஏற்றம் வரவில்லை. இறக்கம் மட்டும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எட்டு மாதம் கட்டிலோடு கிடந்தாள். பங்காருபாளையம் ரோட்டில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பரிசோதனை மேசையில் வேலை பார்த்துவந்தாள், அதுவும் போயிற்று. பிறகு மாத்திரை மாற்றி, மெல்ல மெல்ல மனம் தெளிந்தது. அந்த எட்டு மாதத்திலும் அதற்குப் பிறகும் பதினோரு கிலோ எடை ஏறியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும், "உடம்பு நல்லா தேறிட்டே கிரேஸு" என்றார்கள். அவளுக்கும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த உடம்பு வேலைக்கு ஆகவில்லை. ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகினால் கை வழுக்கியது. கிரைண்டர் கல்லைக் கழுவ எடுக்கமுடியாமல் கிளாட்வின் டூட்டி முடிந்து வரும்வரை காத்திருந்தாள். பஸ்ஸில் முதல் படி ஏறக் கம்பியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். இருபத்துமூன்று வருஷமாகத் தலைவலி என்றாலும் மனசுதான் காரணம், பசியில்லை என்றாலும் அதுதான் காரணம். சில நாள் அவளுக்கே சந்தேகம் வரும், மறுபடியும் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறோமோ என்று. ஆனால் பள்ளத்தில் இருப்பவள் சமைக்கும்போது கீர்த்தனை பாடுவாளா? அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு மாலையே சுஜிதா வீட்டுக்கு வந்தாள். கிரீம்ஸ்பேட்டையில் இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு.

"அக்கா, உனக்காக மூணு நாளு உபவாச ஜெபம் வெச்சிருக்கோம். நீயும் உபவாசம் இருந்தா நல்லது."

"நீங்க இருங்க சுஜிதா. எனக்கு மாத்திரை இருக்குது, துன்னாம இருக்கக் கூடாது."

"அப்ப நாங்க இருக்கோம்" என்று சுஜிதா அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். நல்ல மனுஷி. ஆனால் தெரு முனை வரைக்கும் அவள் இரண்டு பேரிடம் நின்று பேசியதைக் கிரேஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

கிளாட்வின் ஆந்திர அரசு பஸ்ஸில், ஆர்டிசியில், டிரைவர். சித்தூர் திருப்பதி ரூட்டில் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறார். மாதம் ஒரு தடவை டாக்டரைப் பார்க்கக் கிரேஸ் அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போவாள். ஜனவரி கடைசியில் போனபோது, டாக்டர் நாகபூஷணம் வழக்கம்போல முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டார்.

"நித்ர பாக பட்டுத்துந்தா அம்மா?"

"தூக்கம் நல்லா வருது சார். சாப்பாடும் பரவாயில்லை. ஒண்ணு கேக்கணும். எழுந்திருக்க முடியலைன்னா அது மனசுதானா, இல்லை வேற ஏதாச்சுமா?"

அவள் கோயிலில் நடந்ததைச் சொன்னாள். ஜாடி மூடியைச் சொன்னாள். கிரைண்டர் கல்லைச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து வந்து, முழங்காலுக்கு மேலே தொடையை அழுத்திப் பார்த்தார், கையை மடக்கி நீட்டச் சொன்னார்.

"எவ்வளவு நாளா?" என்றார் தமிழில்.

"வருஷத்துக்கு மேல இருக்கும் சார்."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"நானும் கேக்கலை" என்று அவரே சொன்னார். "பன்னெண்டு வருஷமா தூக்கம், மூடு, ரத்தம் எல்லாம் கேட்டேன். படிக்கட்டு ஏற முடியுதான்னு ஒரு நாளும் கேக்கலை." பிறகு கிட்னிக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டு, கீழ்த்தளத்தில் இருக்கும் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்.

அங்கே இருந்தவள் பெயர் ரோஜா. நகரிப் பெண், பவர்லூம் வீட்டிலிருந்து படித்து வந்தவள், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கிரேஸின் கையில் ஒரு கைப்பிடி மெஷினைக் கொடுத்து, "எவ்ளோ முடியுதோ அவ்ளோ அமுக்குங்கம்மா" என்றாள். முள் பதினாலு கிலோவில் நின்றது. பிறகு ஒரு மர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கையை மார்பின்மேல் கட்டிக்கொண்டு முப்பது விநாடிக்கு எத்தனை தடவை எழுந்து உட்கார முடியும் என்று பார்த்தாள். கிரேஸ் ஆறு தடவை எழுந்தாள். ஏழாவதில் பாதியிலேயே விழுந்தாள்.

ரோஜா எழுதிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, உங்க தசை கரைஞ்சி போயிருக்குது. வெளிய பாத்தா தெரியாது. எடை ஏறியிருக்குது இல்ல, அது கொழுப்பு. அதுக்குள்ளாற சதை மெலிஞ்சிகினே வந்திருக்குது. எட்டு மாசம் படுத்தவங்களுக்கு வரும். சில மாத்திரை அசத்தி உக்கார வெச்சிடும், அதுலயும் வரும். உங்க வயசும் ஒரு காரணம். உங்கள மாதிரி பைபோலார் இருக்கிறவங்க நெறைய பேருக்கு இது இருக்குது, யாரும் பாக்கிறதில்லை."

"அப்ப இது மனசு இல்லையா?"

"இல்லைம்மா. இது தொடை."

கிரேஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு வருஷத்தில் அவள் உடம்பில் ஒரு கோளாறு, உடம்புக் கோளாறாக மட்டும் இருந்தது அதுதான் முதல் தடவை. டிரிப்புக்கு நடுவில் வந்து பக்கத்தில் நின்ற கிளாட்வின், "இதுக்கு ஏன் அழுவுறே?" என்றார். "அழுவலைங்க" என்றாள் அவள்.

ரோஜா சொன்னது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குவது, குதிகாலை உயர்த்தி நிற்பது. வாரத்துக்கு மூன்று நாள். அன்று மாலையே வந்த ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்ததால் தினம் இரண்டு முட்டை, சுண்டல், வேர்க்கடலை, முடிந்தபோது கோழியோ மீனோ சாப்பிடச் சொன்னாள். டாக்டர் தன் பங்குக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வியர்வை விட்டால் தண்ணீர் குறையவே கூடாது, வெயில் நாளில் வாந்தியோ கை நடுக்கமோ வந்தால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்து கிரேஸ் மிச்சமிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அது பின்னால் சறுக்கியது. கேசியா ரேணிகுண்டாவில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்து, அங்கேயே ஹாஸ்டலில் இருந்தாள். சனிக்கிழமை வந்தவள் இதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கமலம்மாவிடம் கேட்டு ஒரு தேக்கு நாற்காலி வாங்கிக்கொண்டு வந்தாள். "இது ஆனை உக்காந்தாலும் நகராதும்மா" என்றாள்.

முதல் வாரம் ஆறு. இரண்டாவது வாரமும் ஆறு. தொடை வலித்து, அடுப்படியில் நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் எட்டு. மார்ச் மாதம் ஒரு நாள் கிரைண்டர் கல்லை அவளே தூக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். டூட்டியிலிருந்து வந்த கிளாட்வின், "யாரு எடுத்தது?" என்று கேட்டார்.

"நாந்தான்."

"கமலம்மா வந்தாங்களா?"

"நாந்தான்னு சொல்றேன் இல்ல."

அவர் கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கை கழுவப் போய்விட்டார்.

அதிலிருந்துதான் கிரேஸுக்கு வேகம் பிடித்தது. வாரத்துக்கு மூன்று நாள் என்பது தினமும் ஆயிற்று. தினமும் என்பது காலையும் மாலையும் ஆயிற்று. நாலே முக்காலுக்கு எழுந்துவிடுவாள். கேசியாவிடம் சொல்லித் திருப்பதியிலிருந்து இரண்டு கிலோ டம்பெல் ஒரு ஜோடி வரவழைத்தாள், பிறகு மூன்று கிலோவில் ஒரு ஜோடி. சமையலறையில் பாட்டு உரக்கக் கேட்டது. சுஜிதாவிடம் போய், சங்கத்துப் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் கோயில் ஹாலில் உடற்பயிற்சி வகுப்பு நடத்தலாம் என்றாள். சுஜிதா வாயைத் திறக்கும் முன்னே யார் யார் வரலாம் என்று பதினாறு பெயரைக் கிரேஸே சொல்லிவிட்டாள்.

கிளாட்வின் சாப்பிடும்போது கிரேஸின் முகத்தையே பார்ப்பது கூடியது. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், அவர் முன்னறையில் போனில் குரலைத் தாழ்த்திப் பேசுவது அடுப்படியில் இருந்த கிரேஸுக்குக் கேட்டது.

"சார், கிளாட்வின் பேசுறேன். மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சோன்னு பயமா இருக்குது சார். வெடியறதுக்கு முன்னாடி எய்ந்திரிக்கிறா. பாடிக்கினே இருக்கா. வகுப்பு நடத்தப்போறேன்னு சொல்றா. அப்போ நாக்காலி வாங்கினா இல்ல சார், அதே மாதிரி இப்போ டம்பெல்லு."

கிரேஸ் கரண்டியை வைத்துவிட்டு நின்றாள். கோபம் வந்தது, ஆனால் அதைவிட வேகமாக இன்னொன்று வந்தது. அவர் சொல்வது சரியாக இருந்தால்? அந்த நாற்பது நாற்காலியை வாங்கியபோதும் அவள் இப்படித்தான் சந்தோஷமாக இருந்தாள். இதைவிட நல்ல காரியம் உலகத்தில் இல்லை என்று அப்போதும் தோன்றியது. இரண்டு சந்தோஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்து பார்க்கும்போது எது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் போனை வைத்ததும் முன்னறைக்குப் போனாள். கிளாட்வின் பிடிபட்டவர்போல் எழுந்து நின்றார்.

"எங்கிட்ட கேக்காம எதுக்குப் போன் பண்ணீங்க?"

"கேட்டா சண்டைக்கு வருவியோன்னு..."

"வந்திருப்பேன்தான்" என்றாள் கிரேஸ். நாற்காலியில் உட்கார்ந்தாள். "டாக்டரு இன்னா சொன்னாரு?"

"கூட்டிக்கினு வரச் சொன்னாரு."

"நாளைக்கே போலாம். நானும் தெரிஞ்சிக்கணும்."

மறுநாள் கிளாட்வின் லீவு போட்டார். வேறு ஒருவர் ஓட்டிய பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். சந்திரகிரி வந்தபோது, "பஸ்ஸு படி ஏறினே, நான் பாத்தேன். கம்பியே புடிக்கலை" என்றார் கிளாட்வின். கிரேஸ் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

டாக்டர் இருவரையும் எதிரில் உட்காரவைத்தார். கிளாட்வின் ஒரு பழைய டைரியில் தினமும் அவள் தூங்கும் நேரமும் எழும் நேரமும் எழுதிவைப்பது வழக்கம். அதைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"ஒன்பதரைக்குப் படுக்கிறாங்க. நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறாங்க. தினமும் ஏழு மணி நேரத்துக்கு மேல தூங்கியிருக்காங்க. ஒரு நாள்கூடக் குறையலை." கிரேஸைப் பார்த்தார். "ஏன் நாலே முக்கால்?"

"அஞ்சரைக்கு முனிசிபாலிட்டி தண்ணி வரும் சார். அதுக்கு முன்னாடி முடிச்சிட்டா புடிச்சி வெக்க சரியா இருக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு நிறைய கேட்டார். மத்தியானம் களைப்பாக இருக்கிறதா? இருக்கிறது, படுத்தால் தூங்கிவிடுகிறேன். மனதில் எண்ணங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடுகின்றனவா? இல்லை. சுஜிதா வகுப்புக்கு என்ன சொன்னார்? யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அதைக் கேட்டுக் கோபம் வந்ததா?

"இல்லை சார். யோசிக்கட்டும்னு வந்துட்டேன்."

டாக்டர் டைரியைக் கிளாட்வினிடம் திருப்பிக் கொடுத்தார். "நாற்காலி வாங்கினப்போ இப்படிச் சொல்லியிருப்பாங்களா?"

கிளாட்வின் யோசித்தார். "மாட்டா சார். அப்போ சுஜிதா வீட்டு வாசல்லயே நின்னுகினு இருந்திருப்பா."

"ரத்தத்துல லித்தியம் அளவும் பாத்துடலாம். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது வியாதி இல்லை, சந்தோஷம். ஆனா நீங்க போன் பண்ணது தப்பில்லை. அடுத்த தடவை அவங்க முன்னாடியே பண்ணுங்க." கிரேஸிடம் திரும்பினார். "நீங்களும் தூக்கம் ஒரு மணி நேரம் குறைஞ்சா, மறுநாளே இவர்கிட்ட சொல்லணும். இவர் கண்டுபிடிக்கட்டும்னு விடக் கூடாது."

"சொல்றேன் சார்."

கீழே ரோஜா, தினமும் இரண்டு வேளை என்று கேட்டதும் நோட்டை மூடிவிட்டாள். "அம்மா, தசை வளர்றது நீங்க தூக்கும்போது இல்லை, சும்மா இருக்கும்போது. ஒரு நாளு செஞ்சா மறுநாளு வுடணும். நீங்க அதுக்கு நேரமே குடுக்கலையே." பிறகு அளந்து பார்த்தாள். கைப்பிடியில் பதினேழு கிலோ. முப்பது விநாடியில் பன்னிரண்டு தடவை.

கிளாட்வின் சுவரோரம் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ரோஜா அவரையும் நாற்காலியைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"சும்மா பாக்கலாம் சார்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை என்பதால் கைப்பிடி மெஷின் நாற்பதுக்கு மேல் போயிற்று. ஆனால் எழுந்து உட்காரும்போது ஒன்பதிலேயே மூச்சு வாங்கி, தொப்பையைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"ஒன்பது" என்றாள் ரோஜா.

"நாள் பூரா உக்காந்தே ஓட்றேன் இல்ல, அதான்" என்றார் கிளாட்வின். அவமானப்பட்ட முகத்தோடு மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு எதிரில் ஆளுக்கு இரண்டு முட்டை தோசை சாப்பிட்டார்கள். அவர் தன் தட்டில் இருந்த இரண்டாவது தோசையில் பாதியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தார். ரத்தத்தில் லித்தியம் சரியான அளவில்தான் இருக்கிறது என்று இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

சுஜிதா யோசித்து முடித்து, ஹாலைத் திறந்துவிடச் சம்மதித்தாள். பதினாறு பேரில் ஏழு பேர் வந்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை ஐந்து. கடைசியில் நிலைத்தது நாலு பேர். அதில் ஒருத்தி வகுப்பு முடிந்து கொடுக்கும் சுண்டலுக்காகவே வந்தாள், அதை ஒளிக்கவும் இல்லை. சுஜிதாவுக்குப் பத்து வருஷமாக முட்டிவலி. ஜூன் மாதம் ஒரு நாள் அவள் கிரேஸைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அன்னிக்குக் கோயில்ல உனக்கு மறுபடியும் வந்துடுச்சுன்னு நாந்தான் நாலு பேருகிட்ட சொன்னேன். மனசுல வெச்சிக்காதே" என்றாள்.

"தெரியும் சுஜிதா. ஜன்னல்ல இருந்து பாத்தேன்" என்றாள் கிரேஸ். "குதிகாலை நல்லா தூக்கு. சுவரைப் புடிச்சிக்கினு செய்."

மே மாதமே மாம்பழ சீசன் தொடங்கி, ஃபேக்டரியிலிருந்து போன் வந்திருந்தது. பழைய பரிசோதனை மேசைதான். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மூன்று கிலோ டின்னை எடுத்துவந்து திறந்து, கூழின் இனிப்பையும் நிறத்தையும் பார்த்து எழுத வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது டின் வரும். முதல் வாரம் சாயங்காலம் தோள் கனத்தது. பிறகு பழகிவிட்டது. கையிலும் சேலையிலும் முடியிலும் மாம்பழ வாசனையோடு அவள் ஏழு மணிக்கு வீடு திரும்புவாள். தண்ணீர் பாட்டில் காலியாக இருக்கிறதா என்று மட்டும் கிளாட்வின் பார்ப்பார். கேசியா வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் புஜத்தை மடக்கச் சொல்லி அழுத்திப் பார்த்து, "நைனா, இங்க வந்து பாரு, கல்லு மாதிரி இருக்குது" என்று அப்பாவைக் கூப்பிடுவாள்.

ஜூலைக் கடைசியில் சீசன் முடிந்தது. வேலை நின்று பத்து நாள் கழித்து, ஒரு காலையில் கிரேஸ் கண் விழித்தபோது எழுந்திருக்கத் தோன்றவில்லை. தொடையில் தெம்பு இருந்தது. இந்தத் தடவை மனசுதான். அவளுக்கு அது உடனே தெரிந்தது. பக்கத்தில் படுத்திருந்த கிளாட்வினிடம், "என்னாங்க, வந்திருக்குது" என்றாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "பெருசா, சின்னதா?"

"தெரியலை. இப்பதான் வந்திருக்குது."

அன்றைக்கே, அவள் முன்னாலேயே டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் ஒரு மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார், வாரத்துக்கு ஒரு தடவை பேசச் சொன்னார். சனிக்கிழமை வகுப்பைச் சுஜிதா பார்த்துக்கொண்டாள். கேசியா இரண்டு நாள் லீவு போட்டு வந்து, சமைத்து, அம்மாவின் தலையை வாரிவிட்டுப் போனாள். கிரேஸ் கேட்டதற்குப் பதில் சொன்னாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், மற்ற நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கிளாட்வின், எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், டூட்டி முடிந்து வந்தவர் கமலம்மாவின் தேக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்கையறையில் போட்டார். காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கையை மார்பின்மேல் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார ஆரம்பித்தார். வாய்விட்டு எண்ணினார்.

"ஆறு... ஏழு... எட்டு... பத்து..."

"ஒன்பதை வுட்டுட்டீங்க" என்றாள் கிரேஸ், சுவரைப் பார்த்தபடியே.

"வுடலையே."

"வுட்டீங்க. நான் கேட்டுகினுதானே இருக்கேன்."

கிளாட்வின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "அப்ப நீயே எண்ணு. எனக்கு மூச்சும் வுட்டுக்கினு எண்ணவும் வரலை."

அவள் மெல்லத் திரும்பி, அவர் பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எண்ணினாள். அவர் பதினொன்று வரைக்கும் போனார். அவர் முடித்ததும் அவள் காலைக் கீழே தொங்கப்போட்டு, கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு தடவை செய்தாள். போதும் என்று தோன்றியது, நிறுத்திவிட்டாள்.

மறுநாள் ஒன்றும் முடியவில்லை. அதற்கு மறுநாள் ஆறு தடவை செய்தாள், அடுப்படிக்குப் போய் அவளே டீ போட்டாள். வெள்ளிக்கிழமை கேசியா ரேணிகுண்டாவிலிருந்து போன் செய்தாள். பின்னணியில் ஹாஸ்டல் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா பண்றே?"

"உங்க நைனாவுக்கு எண்ணிக்கினு இருக்கேன்" என்றாள் கிரேஸ். "பேசாம இரு, பன்னெண்டுக்கு வந்திருக்காரு."